குறுகிய கோடையில் அஸ்பாரகஸ்: கனடாவின் சமவெளி மாகாணங்களுக்கான முழுமையான நடவு வழிகாட்டி

கனடாவின் சமவெளி மாகாணங்களான அல்பெர்ட்டா, சஸ்காச்சுவான், மனிட்டோபா ஆகிய மூன்றிலும் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது வழக்கம். மே மாதக் கடைசி வரை உறைபனி விழக்கூடும்; செப்டம்பர் நடுவிலேயே அது மீண்டும் தொடங்கிவிடவும் கூடும். இடையில் கிடைக்கும் உறைபனியற்ற நாட்கள் பல ஊர்களில் 100 முதல் 125 வரைதான். இத்தகைய நிலத்திலும் 15 முதல் 20 ஆண்டுகள் வரை நிலைத்து நின்று, ஒவ்வொரு வசந்தத்திலும் தோட்டத்தின் மற்ற காய்கறிகளுக்கெல்லாம் முன்பாகவே விளைச்சல் தரும் பயிர் அஸ்பாரகஸ். அல்பெர்ட்டாவின் இன்னிஸ்ஃபெயில் பகுதியில் இது வணிக அளவிலேயே பயிரிடப்பட்டிருக்கிறது. தெற்கு அல்பெர்ட்டாவின் பாசனக் கால்வாய்க் கரைகளில், பறவைகள் பரப்பிய விதைகளிலிருந்து யாரும் நடாமலேயே முளைத்து வளர்கிறது.

எனவே குளிர் இந்தச் செடியைக் கொன்றுவிடும் என்ற அச்சம் தேவையற்றது. உண்மையான இடர் கோடையின் குறுகிய அளவில் இருக்கிறது. வெப்பமான நாடுகளின் தோட்டக்காரர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளை இங்கே அப்படியே பின்பற்றினால் பாத்தி சில ஆண்டுகளிலேயே மெலிந்துவிடும். ஏன் மெலிகிறது என்பதைப் புரிந்துகொண்டால், கீழே வரும் படிநிலைகள் பலவற்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

செடியின் ஓராண்டு

அஸ்பாரகஸின் உயிர் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. நடுவில் முளைக்கண்கள் நிறைந்த ஒரு கிடைத்தண்டும், அதைச் சுற்றிச் சதைப்பற்றான நீண்ட வேர்களும் சேர்ந்த தொகுதியை இந்த வழிகாட்டியில் வேர்க்கொத்து என்று குறிப்பிடுகிறேன். தோட்டக் கடைகளில் இதைக் ‘கிரவுன்’ என்ற பெயரில் விற்கிறார்கள். நம் ஊர்களில் சித்த மருந்துக்காகத் தோண்டப்படும் தண்ணீர்விட்டான் கிழங்கைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் தோற்றம் எளிதில் பிடிபடும். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

வசந்தத்தில் மண் சூடேறியதும் முளைக்கண்கள் ஒவ்வொன்றாகத் தண்டாக எழுகின்றன. நாம் உண்பது இந்த இளந்தண்டையே. அது வளர்வதற்கு வேண்டிய உணவு முழுவதும், சென்ற கோடையில் வேர்களில் சேர்த்துவைக்கப்பட்ட சர்க்கரையிலிருந்து வருகிறது. அறுக்காமல் விட்ட தண்டு கிளைத்து, ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயர்ந்து, ஊசி போன்ற மெல்லிய பச்சைத் தழையாக விரிகிறது. அந்தத் தழை வெயிலை வாங்கி, இலையுதிர்காலம் வரை வேர்களை மீண்டும் நிரப்புகிறது. ஆக, ஒவ்வோர் அறுவடையும் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு. தழை நிற்கும் நாட்களே வரவு. சமவெளி மாகாணங்களில் அறுவடையை ஜூன் 20 வாக்கில் நிறுத்தினாலும், முதல் கடும் உறைபனி வரை தழைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 12 வாரங்கள்தான். இந்த வழிகாட்டியின் நோக்கம் அந்த 12 வாரங்களை முழுமையாகப் பயன்படுத்துவதே.

இரகத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே ஓர் இரகத்தைச் சொல்லுமாறு கேட்டால், நான் தயக்கமின்றி ‘குவெல்ஃப் மில்லேனியம்’ என்று சொல்வேன். ஒன்டாரியோவிலுள்ள குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட இந்த இரகம், இலையுதிர்காலத்தில் மற்றவற்றைவிட முன்னதாகவே மஞ்சளித்து உறக்க நிலைக்கு ஆயத்தமாகிறது. வசந்தத்திலும் சற்றுத் தாமதமாகவே முளைப்பதால், மே மாத உறைபனியில் தண்டுகள் கருகும் வாய்ப்பு குறைகிறது. குளிர் தாங்குதல் என்பது எவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையைத் தாங்கும் என்பதோடு முடிந்துவிடுவதில்லை. எப்போது உறங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்ற கால உணர்வும் அதில் அடங்கும். கலிபோர்னியாவின் மிதமான குளிர்காலத்துக்காக உருவாக்கப்பட்ட ‘யூசி 157’ போன்ற இரகங்கள், அக்டோபரிலும் பசுமையாக நின்று, ஆயத்தமாவதற்கு முன்பே கடுங்குளிரில் அகப்பட்டுக்கொள்கின்றன.

நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ‘ஜெர்சி நைட்’, ‘ஜெர்சி ஜயன்ட்’ ஆகியவையும் இங்கே நடப்படுகின்றன. துரு நோயைத் தாங்குவதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட ‘மேரி வாஷிங்டன்’ பழைய இரகம். விதை மலிவு, விளைச்சல் குறைவு. ஊதா நிறத் தண்டு தரும் ‘பர்ப்பிள் பேஷன்’ இனிப்பாக இருக்கும். ஆனால் முக்கியப் பாத்தியாக அதை நட வேண்டாம், ஆசைக்கு ஐந்தாறு செடிகள் போதும்.

அஸ்பாரகஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடி தன் உணவின் ஒரு பகுதியைச் சிவந்த பழங்களுக்கும் விதைகளுக்கும் செலவிடுகிறது. அந்த விதைகள் பாத்தியிலேயே விழுந்து முளைத்துக் களையாகவும் மாறுகின்றன. கோடை குறுகிய இடத்தில் இந்தச் செலவு கட்டுப்படியாகாது. குவெல்ஃப் மில்லேனியமும் ஜெர்சி இரகங்களும் பெரும்பாலும் ஆண் செடிகளையே தரும் கலப்பினங்கள் என்பது அவற்றைத் தேர்வதற்கு மற்றொரு காரணம். மேரி வாஷிங்டன் விதையில் ஏறக்குறைய பாதி பெண்ணாக வரும். அந்தப் பழங்கள் உண்ணத்தக்கவை அல்ல என்பதால், சிறு குழந்தைகள் இருக்கும் வீடுகளில் கவனம் தேவை.

எத்தனை செடி வேண்டும்? நன்கு முதிர்ந்த ஒரு செடி ஓராண்டில் 200 கிராம் அளவுக்குத் தரும் என்று கணக்கு வைத்துக்கொண்டால், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 30 முதல் 40 செடிகள் தேவைப்படும். பத்துச் செடிகளை மட்டும் நட்டவர்கள் ஒரு வேளைக் கறிக்குப் போதுமான தண்டு சேராமல், ஆசையில் மிகுதியாக அறுத்துச் செடியைச் சோர்வடையச் செய்கிறார்கள்.

இடமும் மண்ணும்

இருபது ஆண்டுகளுக்கு அசையாமல் இருக்கப்போகும் பயிர் என்பதால், இடத்தேர்வுக்கு ஒரு முழுப் பருவத்தைச் செலவிட்டாலும் தகும். நாளொன்றுக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் நேரடி வெயில் படவேண்டும். தழை உயரமாக வளர்ந்து மற்ற பயிர்களுக்கு நிழல் தரும் என்பதால் தோட்டத்தின் வடக்கு ஓரம் பொருத்தமானது. ஆனால் காற்றுத்தடுப்பாக நடப்பட்ட ஸ்புரூஸ், பாப்லர் மரங்களுக்கு அருகே நடக்கூடாது. அவற்றின் வேர்கள் வெகுதூரம் வந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். பனி குவியும் இடம் நல்லது. ஏப்ரலில் உருகும் பனிநீர் தேங்கும் பள்ளம் மிகக் கெட்டது, ஏனெனில் குளிரில் பிழைத்த வேர்க்கொத்து நீர் தேங்கினால் அழுகிவிடும். ஏப்ரலில் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று குறித்துக்கொள்வது எந்த மண் ஆய்வுக்கும் குறையாத பயனுடையது.

மண்ணின் பிஎச் 6.5 முதல் 7.5 வரை இருப்பதை அஸ்பாரகஸ் விரும்புகிறது. பல நூல்கள் சுண்ணாம்பு இடச் சொல்கின்றன. அவை அமிலத்தன்மை மிகுந்த கிழக்குப் பகுதி மண்ணை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சமவெளி மாகாணங்களின் கரிய மண் பெரும்பாலும் ஏற்கெனவே நடுநிலையாகவோ காரமாகவோ இருக்கிறது. இங்கே சுண்ணாம்பு இடுவது தீங்கு. எலும்புத்தூளுக்கும் இதே கதைதான்: அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அமில மண்ணில் மட்டுமே கரைந்து வேருக்குக் கிடைக்கும், கார மண்ணில் அது அப்படியே கிடக்கும். மண் ஆய்வில் மணிச்சத்து குறைவு என்று தெரிந்தால், இப்பகுதியின் வேளாண் கடைகளில் எளிதில் கிடைக்கும், மணிச்சத்து மிகுந்த 11-52-0 என்ற உரத்தை, அதன் பையில் குறித்த அளவில், நடவுக்கு முன் பள்ளத்தின் அடியில் இட்டு மண்ணோடு கலக்கலாம்.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். களையைக் கட்டுப்படுத்த அஸ்பாரகஸ் பாத்தியில் உப்புத் தூவும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மற்ற காய்கறிகளைவிட இந்தச் செடி உப்பை அதிகம் தாங்கும் என்பது உண்மையே. சற்று உவர்ப்பான மண் உள்ளவர்கள் அதனால் இதை நம்பி நடலாம். ஆயினும் வேண்டுமென்றே உப்புத் தூவினால் களிமண் இறுகி, நீர் இறங்காமல், சுற்றியுள்ள பயிர்களும் கெடும். அதைச் செய்யவே கூடாது.

உயர்த்திய மரப்பெட்டிப் பாத்திகளை இந்தப் பயிருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அவை வசந்தத்தில் விரைவாகச் சூடேறும் என்பது உண்மை. ஆனால் ஜனவரியில் நான்கு பக்கங்களிலிருந்தும் குளிர் உள்ளே புகுந்து வேர்க்கொத்தைத் தாக்கும். கனத்த களிமண்ணில் நீர் வடியவேண்டும் என்றால், அகலமான, தாழ்வான மேட்டுப்பாத்தி அமைத்தால் போதும். தொட்டிகளில் இப்பயிர் இங்கே நிலைக்காது.

நடுவதற்கு முந்தைய கோடை

பெரும்பாலோர் விட்டுவிடும் படிநிலை இது. பின்னர் ஆண்டுக்கணக்கில் வருந்தவைப்பதும் இதுவே. மண்ணுக்கடியில் படரும் குவாக் புல்லும் கனடா திஸில் முள்செடியும் அஸ்பாரகஸ் வேர்களுக்கிடையே புகுந்துவிட்டால், செடியைத் தோண்டாமல் அவற்றை எடுக்க வழியே இல்லை. ஆகவே நடவுக்கு முந்தைய கோடை முழுவதும் அந்த இடத்தை வெறுமையாக வைத்து, களை முளைக்க முளைக்க நீக்குங்கள்; அல்லது கனமான கறுப்பு விரிப்பால் மே முதல் செப்டம்பர் வரை மூடிவையுங்கள். இலையுதிர்காலத்தில் விரிப்பை எடுத்து, எஞ்சிய வேர்த்துண்டுகளைக் கையால் பொறுக்கி, நன்கு மட்கிய தொழு உரத்தை 8 முதல் 10 செ.மீ. தடிமனுக்குப் பரப்பி, ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்திக் கலக்கவேண்டும். மட்காத சாணத்தில் உயிருள்ள களைவிதைகள் இருக்கும் என்பதால், அதைப் பயன்படுத்தினால் செய்த வேலை அனைத்தும் வீணாகும்.

வேர்க்கொத்தா, விதையா?

வேர்க்கொத்தை நட்டால் ஓராண்டு மிச்சமாகும். ஓராண்டு வயதுள்ள வேர்க்கொத்துகளையே வாங்குங்கள். இரண்டு, மூன்று ஆண்டு வயதுள்ளவை பெரிதாகத் தெரிந்தாலும், தோண்டும்போது வேர்கள் மிகுதியாக அறுபடுவதால் மண்ணில் பிடிக்க நாளாகும். விலை கூடுதல், பயனில்லை. வேர்கள் தொட்டால் உறுதியாக இருக்கவேண்டும். உலர்ந்து வெற்றுத்தோலாக ஆனவற்றையும், பூசணம் பிடித்தவற்றையும் ஒதுக்குங்கள். கடைகளுக்கு ஏப்ரலிலேயே வந்துவிடும் என்பதால் சீக்கிரம் வாங்கி, சற்று ஈரமான பீட் பாசியில் பொதிந்து, நடும் வரை குளிர்பதனப் பெட்டியில் வைத்திருப்பது நல்லது. கடையின் சூடான அலமாரியில் ஐந்து வாரம் கிடந்து முளைவிட்ட வேர்க்கொத்து, சேமிப்பில் பாதியை இழந்த நிலையில்தான் உங்கள் கைக்கு வரும்.

விதையிலிருந்து வளர்ப்பது மலிவானது. மண்வழி நோய் வேரோடு வந்துசேராது என்பது அதன் பெரிய நன்மை. விதையை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ வீட்டுக்குள் விதைக்கவேண்டும். மண் 25 டிகிரி அளவில் சூடாக இருந்தால் இரண்டு, மூன்று வாரங்களில் முளைக்கும்; குளிர்ந்த சன்னல் ஓரத்தில் அதைப்போல் இரு மடங்கு காலமும் ஆகலாம். ஆகவே சூடேற்றும் விரிப்பு ஒன்று அவசியம் என்றே சொல்வேன். ஆழமான குவளைகளில் வளர்த்து, ஒரு வாரம் வெளிக்காற்றுக்குப் பழக்கி, உறைபனி அச்சம் நீங்கிய ஜூன் முதல் வாரத்தில் நடலாம்.

நடவு

வேர்க்கொத்துகளை மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை நடலாம். நாட்காட்டியைவிட மண்ணின் வெப்பநிலையே நம்பத்தக்க வழிகாட்டி: 15 செ.மீ. ஆழத்தில் 10 டிகிரியைத் தொட்ட பிறகு நடுங்கள். குளிர்ந்த ஈர மண்ணில் அவசரமாக நட்ட வேர்க்கொத்து வளராமல் கிடக்கும். பியூசேரியம் என்ற பூசணம் அந்த இடைவெளியில் அதைப் பிடித்துக்கொள்ளும்.

பள்ளத்தை 30 செ.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். ஆழம் மண்ணைப் பொறுத்தது. வேர்க்கொத்தின் தலை, நிறைவில் மண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் கணக்கு. இலகுவான மணற்பாங்கான மண்ணில் 18 முதல் 20 செ.மீ., சாதாரணத் தோட்ட மண்ணில் 15 செ.மீ., கனத்த களிமண்ணில் 12 செ.மீ. ஆழமாக நட்டால் குளிரிலிருந்து பாதுகாப்பும் தடித்த தண்டும் கிடைக்கும், ஆனால் முளைப்பு தாமதமாகும். மேலாக நட்டால் சீக்கிரம் முளைக்கும், ஆனால் தண்டு மெலியும், உறைபனிக்கும் அகப்படும். இங்கே ஆழத்தின் பக்கமே சற்றுச் சாய்வது நல்லது என்பது என் கருத்து. களிமண்ணில் மட்டும் அந்தச் சாய்வு வேண்டாம். ஆழத்தில் அது நெடுநாள் குளிர்ந்தே இருக்கும்.

நடுமுன் வேர்க்கொத்துகளை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். பள்ளத்தின் நடுவே மட்கு உரம் கலந்த மண்ணால் நீளவாக்கில் சிறு வரப்பு ஒன்று அமைத்து, முளைக்கண்கள் மேல்நோக்கி இருக்கும்படி ஒவ்வொன்றையும் அதன்மீது அமர்த்தி, வேர்களை இருபுறமும் விரித்துவிடுங்கள். செடிக்குச் செடி 40 முதல் 45 செ.மீ., வரிசைக்கு வரிசை 120 முதல் 150 செ.மீ. இடைவெளி தேவை. இடம் வீணாகிறதே என்று நெருக்கி நட்டவர்களின் பாத்தியில், ஐந்தாறு ஆண்டுகளில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னித் தண்டுகள் பென்சில் அளவுக்கு மெலிந்துபோவதைக் காணலாம்.

முதலில் 5 செ.மீ. மண்ணால் மட்டும் மூடி, நன்றாக நீர் விடுங்கள். முழுவதையும் ஒரேயடியாக மூடினால், அடியிலுள்ள குளிர்ந்த மண்ணைத் தாண்டி வர இளம் முளைகளுக்கு வலு போதாது. தண்டுகள் எழுந்து பச்சை விரியத் தொடங்கியதும், நுனிகள் மூழ்காதவாறு சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது மண் தள்ளி, ஜூலைக் கடைசிக்குள் பள்ளத்தை மட்டமாக்கிவிடுங்கள். விதையில் வளர்த்த நாற்றுகளையும் இதே முறையில், பள்ளத்தின் அடியில் நட்டுப் படிப்படியாக மூடலாம்.

அறுக்காத ஆண்டுகள்

நட்ட ஆண்டில் ஒரு தண்டைக்கூட அறுக்கக்கூடாது. இரண்டாம் ஆண்டிலும் கூடாது. வெப்பமான இடங்களில் இரண்டாம் ஆண்டிலேயே சில நாட்கள் அறுக்கலாம் என்பார்கள். 12 வாரக் கோடை உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. விதையிலிருந்து வளர்த்திருந்தால் இன்னும் ஓராண்டு கூட்டிக்கொள்ளுங்கள். இளந்தண்டுகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம்தான், ஆனால் அந்த இரண்டு கோடைகளில் சேரும் வேர்தான் அடுத்து வரும் ஆண்டுகளின் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

இந்த ஆண்டுகளில் வேலை இரண்டுதான்: தண்ணீர், களை. மழையையும் சேர்த்து வாரத்துக்கு 2.5 செ.மீ. நீர், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர், கிடைக்கவேண்டும். முதிர்ந்த செடி வறட்சியை நன்றாகத் தாங்கும். இளம் செடி தாங்காது. களையைக் கையாலோ, மேலோட்டமாகச் சீவும் களைக்கொத்தாலோ நீக்குங்கள். வேர்க்கொத்து ஆண்டுக்காண்டு மெல்ல மேல்நோக்கி எழும் இயல்புடையது, எனவே ஆழக் கொத்தினால் முளைக்கண்கள் சிதையும்.

தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு இடக்கூடாது. பிந்தி இட்ட உரம் செப்டம்பரில் புதிய பசுந்தண்டுகளை எழுப்பும். அவை வேருக்கு எதையும் திருப்பித் தராமலேயே உறைபனியில் மடியும்.

அறுவடை

மூன்றாம் ஆண்டில் இரண்டு வாரம், நான்காம் ஆண்டில் நான்கு வாரம், அதன்பின் ஐந்து முதல் ஆறு வாரம் அறுக்கலாம். நூல்களில் காணப்படும் எட்டு வாரம் என்ற அளவு இங்கே வேண்டாம். தண்டுகள் பொதுவாக மே முதற்பாதியில் தலைகாட்டும்; ஜூன் 20 முதல் 25-க்குள் அறுவடையை முடித்துவிடவேண்டும். அந்தத் தேதிக்கு முன்பே பெரும்பாலான தண்டுகள் பென்சிலைவிட மெலிதாக வரத் தொடங்கினால், அன்றே நிறுத்திவிடுங்கள். வேரில் இருப்பு தீர்கிறது என்பதை அந்த மெலிவு காட்டுகிறது. தேதி, மெலிவு ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அதற்குக் கட்டுப்படுவதே விதி.

தண்டு 18 முதல் 22 செ.மீ. உயரமாகி, நுனி இன்னும் இறுக்கமாக மூடியிருக்கும்போது எடுக்கவேண்டும். குளிர்ந்த நாட்களில் மூன்று நாட்களுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். வெயில் ஏறினால் ஒரே நாளில் விரலளவுக்கு மேல் வளர்ந்துவிடும் என்பதால் அன்றாடம் பார்க்கவேண்டும். மண்ணுக்கு அடியில் கத்தியைச் செலுத்தி அறுப்பதைவிடக் கையால் வளைத்து ஒடிப்பதே நல்லது. நார் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே அது தானாகவே ஒடியும். பக்கத்தில் எழுந்துகொண்டிருக்கும் முளைக்கும் காயம் நேராது.

இங்குள்ள மே மாதத்தில் உறைபனி எதிர்பாராத விருந்தாளி அல்ல. வெப்பநிலை மைனஸ் 1-க்குக் கீழே போகும் என்று முன்னறிவிப்பு வந்தால், அன்று மாலையே உயர்ந்த தண்டுகள் அனைத்தையும் ஒடித்து எடுத்துவிடுங்கள். சிறியவற்றை வைக்கோலாலோ தடித்த துணியாலோ மூடுங்கள். தப்பித் தவறி உறைந்த தண்டு, காலையில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, பின் துவண்டு சரியும். அதை ஒடித்து எறிந்துவிட்டால், அடியிலிருந்து அடுத்த முளைக்கண் எழும். செடி இறப்பதில்லை. ஆனால் இழந்த தண்டுகளுக்கும் வேர் செலவிட்டிருக்கிறது, ஆதலால் அவ்வாண்டு அறுவடையை ஒரு வாரம் குறைத்துக்கொள்வது முறை.

ஒடித்த தண்டில் சர்க்கரை மணிக்கு மணி குறைகிறது. உடனே சமைக்க முடியாவிட்டால், ஒரு குவளையில் 2 செ.மீ. நீர் விட்டு அதில் நிறுத்தி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாட்களுக்குள் பயன்படுத்துங்கள். பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பூ சேர்த்த பொரியலுக்கு, நுனியைவிட அடித்தண்டே பொருத்தமாக இருக்கிறது. வேகும் நேரம் பீன்ஸைவிடக் குறைவு.

தழை நிற்கும் 12 வாரங்கள்

அறுவடை முடிந்த நாளிலிருந்து தொடங்குவதுதான் உண்மையான பருவம். அன்றே களை நீக்கி, மட்கு உரத்தை 3 செ.மீ. தடிமனுக்குப் பரப்பி, நீர் விடுங்கள். தழைச்சத்து தேவையென்றால் அதை இடவேண்டிய தருணமும் இதுவே. தழை உயர்ந்ததும் காற்றில் சாயும். வரிசையின் இருபுறமும் கம்புகள் நட்டு, இடுப்பளவு உயரத்தில் கயிறு கட்டிவிடுங்கள். ஒடிந்து மண்ணில் கிடக்கும் தழையில் ஈரம் தங்கி நோய் பரவும்.

அல்பெர்ட்டாவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆலங்கட்டி மழை அடிக்கடி பெய்யும். தழை கிழிபட்டாலும் பச்சையாக எஞ்சிய எதையும் வெட்டாதீர்கள். அடுத்த வசந்தத்தில் அறுவடைக் காலத்தைப் பாதியாகக் குறைத்தால், அந்த இழப்பைச் செடி ஈடுசெய்துகொள்ளும்.

தழையைத் தின்று அழிப்பவை அஸ்பாரகஸ் வண்டுகள். கருநீல முதுகில் வெளிர்புள்ளிகள் கொண்ட சாதாரண வண்டு, ஆரஞ்சு நிறத்தில் கரும்புள்ளிகள் கொண்ட புள்ளி வண்டு என இரு வகை உண்டு. முன்னதே அதிகச் சேதம் செய்யும். அதன் முட்டைகள் தண்டில் கரிய முட்களைப்போல் செங்குத்தாக ஒட்டி நிற்பதால் எளிதில் அடையாளம் காணலாம். அவற்றை விரலால் வழித்தெடுங்கள். வண்டுகள் மந்தமாக இருக்கும் விடியற்காலையில், சோப்பு நீர் உள்ள பாத்திரத்தில் தட்டிவிடுங்கள். அறுவடைக் காலத்தில் மெலிந்தவற்றையும் சேர்த்து எல்லாத் தண்டுகளையும் ஒடித்துவிட்டால், முட்டையிட இடமின்றி அவற்றின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். இந்த முட்டைகளை அழிக்கும் மிகச் சிறிய குளவி ஒன்று இயற்கையில் இருக்கிறது, ஆகவே கண்டபடி பூச்சிக்கொல்லி தெளிப்பது நமக்கே எதிராக முடியும்.

ஒரு பக்கமாக வளைந்து கொக்கிபோல் எழும் தண்டு நோயின் அறிகுறி அல்ல. வெட்டுப்புழுவோ காற்றில் வந்த மணலோ ஒரு பக்கத்தைக் காயப்படுத்தினால், அந்தப் பக்கம் வளர்ச்சி தடைப்பட்டு வளையும், தாராளமாக உண்ணலாம். தழையில் செம்பழுப்புத் தூள் படர்ந்தால் அது துரு நோய். காற்றோட்டமான இடைவெளியும், மாலையில் தழைமேல் நீர் தெளிக்காமல் காலையில் வேரடியில் விடுவதும், நோய் தாங்கும் இரகமும்தான் இதற்குத் தடுப்பு.

குளிர்காலத்துக்கு ஆயத்தம்

ஆகஸ்ட் கடைசியிலிருந்து நீரைப் படிப்படியாகக் குறைத்து, செடி உறங்க இடம் கொடுங்கள். பிறகு, நிலம் உறைவதற்குச் சற்று முன்பு, அக்டோபரில் ஒருமுறை ஆழமாக நீர் பாய்ச்சுங்கள். வறண்ட மண்ணில் குளிர் விரைவாகவும் ஆழமாகவும் இறங்கும் என்பதால், மழையில்லாத இலையுதிர்காலத்தில் இந்த ஒரு பாசனம் செடியின் உயிரைக் காப்பது.

மஞ்சளித்துக் காய்ந்த தழையை வெட்டாதீர்கள். பல வழிகாட்டிகள் இலையுதிர்காலத்திலேயே வெட்டி அகற்றச் சொல்கின்றன. காய்ந்த தண்டுகளுக்குள் வண்டுகள் குளிர்காலத்தைக் கழிக்கும் என்பது அவற்றின் வாதம். அது சரியான வாதமே. எனினும் சமவெளியின் ஓயாத காற்றில், பறந்துபோகும் பனியைப் பாத்தியின்மேல் பிடித்துவைப்பது அந்தக் காய்ந்த தழைதான், அந்தப் பனிப்போர்வைதான் மைனஸ் 30-லிருந்து வேர்க்கொத்தைக் காக்கிறது. இரண்டையும் எடைபோட்டால், தழையைக் குளிர்காலம் முழுவதும் நிறுத்திவைத்து, ஏப்ரலில் வண்டுகள் விழிப்பதற்கு முன் அடியோடு வெட்டி, தோட்டத்துக்கு வெளியே அனுப்பிவிடுவதே இங்கே பொருத்தமானது.

முதல் இரண்டு குளிர்காலங்களில், மேல்மண் உறையத் தொடங்கியபின், 10 முதல் 15 செ.மீ. வைக்கோல் மூடாக்கும் இடுங்கள். கால்கரியிலும் தெற்கு அல்பெர்ட்டாவிலும் ஷினூக் எனப்படும் வெப்பக்காற்று நடுக்குளிர்காலத்திலேயே பனியை உருக்கி நிலத்தை வெறுமையாக்கிவிடும். அடுத்த வாரமே கடுங்குளிர் திரும்பும். அப்பகுதிகளில் மூடாக்கை ஒவ்வோராண்டும் இடவேண்டும். ஏப்ரல் கடைசியில் மூடாக்கை வரிசைகளின் இடைவெளிக்கு ஒதுக்கினால் மண் விரைவில் சூடேறும். ஒதுக்கிய வைக்கோல் மே மாத உறைபனி இரவுகளில் தண்டுகளை மூடவும் கைகொடுக்கும்.

பாத்தி முதுமையடையும்போது

பதினைந்து ஆண்டுகளைக் கடந்தபின், நல்ல பராமரிப்பிலும் தண்டுகள் மெலிந்து, வரிசையில் இடைவெளிகள் தோன்றும். இறந்த செடியின் இடத்தில் புதிய வேர்க்கொத்தை நட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம். பழைய வேர்கள் மண்ணில் விட்டுச்சென்ற பொருட்களும் பெருகிவிட்ட பியூசேரியமும் புதிய செடியை வளரவிடாது. பழைய வேர்க்கொத்தைத் தோண்டிப் பிரித்து நடுவதும் அந்த நோயைப் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்வதே ஆகும். விளைச்சல் குறையும் முதல் அறிகுறி தெரிந்தவுடனேயே, பழைய பாத்தியிலிருந்து தள்ளி வேறோர் இடத்தைத் தேர்ந்து, அங்கே களை நீக்கும் வேலையைத் தொடங்குங்கள். புதிய பாத்தி அறுவடைக்கு வரும் வரை பழையதிலிருந்து எடுத்துக்கொண்டிருங்கள். அதன் கடைசி ஆண்டில் மட்டும், வேரின் இருப்பைப் பற்றிய கவலையின்றி, தண்டுகள் எழுந்துகொண்டிருக்கும் வரை அறுத்துக்கொள்ளலாம்.